லாச்சப்பலில் ஒரு ரீட்பேக்

இரண்டரை வயதுக் குழந்தையை, நேற்றுவரை முகம் பார்த்திராத ஒருவரிடம், மொழி தெரியாத ஊரில் ஒப்படைத்துவிட்டு ஓர் அம்மா வகுப்புக்குப் போகலாமா? பாரிஸிலிருந்து திரும்பிவந்து கம்பளிகளையெல்லாம் துவைத்து மடித்து வைத்தாயிற்று. இந்தக் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் தெரியவில்லை. போனேன் என்பது உண்மை. போயிருக்கக்கூடாதோ என்று வாரத்துக்கு ஒருமுறையாவது நினைக்கிறேன் என்பதும் உண்மை.

நான் சென்னை விமான நிலையத்தில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். புறப்படப்போகிற விமானங்களுக்கு வழி அனுமதி வாசிப்பதுதான் மித்ரா பிறக்கும்வரை என் வேலை. விடுப்புமேல் விடுப்பாக எடுத்ததில் பெரிய இடைவெளி விழுந்துவிட்டது. அவ்வளவு இடைவெளிக்குப் பிறகு ஒலிவாங்கி முன்னால் சும்மா போய் உட்கார்ந்துவிட முடியாது. பாரிஸுக்கு வடக்கே ஒரு பயிற்சி மையத்தில் ஒரு வார வகுப்பு, முடிவில் தேர்வு. தேறினால் பழைய இருக்கை. இல்லாவிட்டால் கோப்பு பார்க்கிற மேசை.

கணவர் துபாயில். அத்தைக்கு, என் மாமியாருக்கு, அப்போதுதான் கண் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது; குனியக்கூடாது, பிள்ளையைத் தூக்கக்கூடாது. ஆகவே மித்ராவும் விமானம் ஏறினாள். கணவரோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து நண்பரின் அக்கா வசந்தி, பாரிஸில் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இருக்கிறார். "என் அக்காவிடம் விட்டால் தாயிடம் விட்ட மாதிரி" என்று அவர் துபாயிலிருந்தே உறுதி சொல்லிவிட்டார். தாயாகிய எனக்குத்தான் அது போதவில்லை.

காரணம் உண்டு. மித்ராவுக்கு முந்திரியும் நிலக்கடலையும் ஆகாது. ஒரு கல்யாண வீட்டுப் பாயசத்தில் இதைக் கண்டுபிடித்தோம். உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஆட்டோக்காரர் சிவப்பு விளக்கையெல்லாம் மதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அன்றிலிருந்து எங்கே போனாலும் ஒரு நீலப் பை என்னோடு வரும். உள்ளே மருந்து, அளவுக் குப்பி, மருத்துவர் தந்த சீட்டு.

ஞாயிற்றுக்கிழமை பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கினோம். அக்காவின் கணவர் குலம் அண்ணா வந்து நின்றார். பக்கத்து மளிகைக்கடையில் வேலை பார்ப்பவர். "இதுதானோ சென்னையாள்?" என்று மித்ராவை ஒரு கையிலும் என் பெட்டியை மறு கையிலும் தூக்கிக்கொண்டார். அவர் நடந்த வேகத்துக்கு நான் ஓடினேன். மூலை திரும்பியதும் தமிழ்ப் பலகைகள், நகைக்கடை, சேலைக்கடை, கண்ணாடிக்குப் பின்னால் யாரோ கொத்துரொட்டி போடும் தகரத் தாளம். ரங்கநாதன் தெருவைக் குளிர்பெட்டிக்குள் வைத்த மாதிரி இருந்தது. ஒரே வித்தியாசம், இங்கே இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறார்கள்.

வசந்தி அக்காவின் வீடு மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடி. ஏறி முடித்தபோது புட்டும் மீன்குழம்பும் தயாராக இருந்தன. நான் சாப்பிடுவதற்கு முன்பே பாடத்தைத் தொடங்கிவிட்டேன். முந்திரியைக் கஜு என்றும் நிலக்கடலையைக் கச்சான் என்றும் சொன்னால்தான் அங்கே விளங்கும் என்று நண்பர் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருந்தார்.

"அக்கா, கஜு, கச்சான் ரெண்டும் கூடவே கூடாது. கோயில்வரைக்கும் கூட்டிட்டுப் போங்க, கால்வாய்ப் பக்கம் வேண்டாம். நீலப் பையில மருந்து இருக்கு. ஏதாவதுன்னா முதல்ல எனக்குப் போன் பண்ணுங்க, அப்புறம் மருந்து, அப்புறம் டாக்டர்."

"ஓம், ஓம்" என்றார் அக்கா, சொதியைக் கிண்டியபடி.

"மருந்து அஞ்சு மில்லி."

"ஓம், ஓம். முதல்லை நீங்கள் சாப்பிடுங்கோ, ரம்யா. புட்டு ஆறுது."

என் தொழிலை அறிந்தவர்களுக்கு இந்த "ஓம், ஓம்" ஏன் என் தொண்டையில் புட்டைவிட மோசமாகச் சிக்கியது என்று புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

மேகத்துக்குள் வெளியே எதுவும் தெரியாமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கவேண்டிய விமானி, புறப்படுமுன் எங்களை வானொலியில் அழைத்து அனுமதி கேட்பார். எந்த ஊர்வரை, எந்த வழியாக, முதலில் எவ்வளவு உயரம், ஏறியபின் எந்த அலைவரிசையில் பேசவேண்டும், ரேடார் திரையில் அவரை அடையாளம் காட்டும் நாலு இலக்கக் குறி எது என்று வரிசை மாறாமல் நாங்கள் வாசிப்போம். அவர் அதை எழுதிக்கொண்டு மறுபடி எங்களுக்கே வாசித்துக் காட்டுவார். அதற்குப் பெயர் ரீட்பேக். நாங்கள் கேட்டு, "ரீட்பேக் கரெக்ட்" என்று சொன்னபிறகுதான் அந்த அனுமதி அனுமதி. விமானி வெறுமே "ராஜர்" என்று சொன்னால் செய்தி காதில் விழுந்தது என்றுதான் பொருள். அதை ஏற்கமாட்டோம். தலை நரைத்த கேப்டனாக இருந்தாலும், நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண் கேட்டால் முழுதும் திருப்பிச் சொல்லியாகவேண்டும்.

அக்கா சொன்னது "ராஜர்." அதுவும் இரண்டு தடவை.

திங்கட்கிழமை காலை, கிளம்பும்போது வாசலில் நின்று அக்கா எனக்கு வழி சொன்னார். "கார் து நோரிலை ஆர்.ஈ.ஆர். பி றெயின் எடுங்கோ. திரெக்ட் எண்டு போட்டிருக்கிறதிலை ஏறிப்போடாதையுங்கோ, அது நடுவிலை ஒரு இடமும் நிக்காது. எல்லா இடமும் நிக்கிற றெயினிலை ஏறோணும்."

"சரிக்கா, சரிக்கா" என்றேன், மித்ராவின் காலுறையைச் சரிசெய்தபடி.

ஏறியது திரெக்ட்டில். நான் இறங்கவேண்டிய நிலையம் ஜன்னலுக்கு வெளியே பெயர்ப்பலகையோடு வந்து, மரியாதையாகப் பின்னால் போயிற்று. பக்கத்து இருக்கையில் ஒருவர் கைபேசியில் திரும்பத் திரும்ப எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே இருந்த மாணவி என் முகத்தைப் பார்த்து, பேச்சு மாற்றுவதற்காக, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள்: "'இதோ வாசலில்தான் நிற்கிறேன்' என்கிறார்." ரயில் அப்போது ஒரு வயலைக் கடந்துகொண்டிருந்தது. பல்லாவரத்தில் உட்கார்ந்துகொண்டு "கிண்டி வந்துட்டேன்" என்று சொல்கிறவர்களின் ஞாபகம் வந்து, அழவேண்டிய நேரத்தில் சிரித்துவிட்டேன்.

விமான நிலையத்தில்தான் ரயில் நின்றது. ஊழியப் பெண்மணி என் கையில் பெட்டி இல்லாததைப் பார்த்துவிட்டு, "மதாம், இது பறக்கப்போகிறவர்களுக்கான ரயில்" என்றார். எதிர்த்திசை ரயில் பிடித்து, வகுப்புக்குள் கடைசி ஆளாக நுழைந்தேன். அன்றைய முதல் பாடம் என்ன என்று ஊகித்திருப்பீர்கள். 'சரி' என்பது ரீட்பேக் ஆகாது.

மையத்தில் கைபேசியை வெளியே பெட்டகத்தில் பூட்டிவிட்டுத்தான் பயிற்சி அறைக்குள் போகவேண்டும். அது எங்கள் ஊர் வழக்கமும்தான். ஆனால் இங்கே அதன் சாவி என் பையில் ஒரு கல் மாதிரி கனத்தது. இடைவேளையில் ஓடிப்போய்ப் பார்ப்பேன். அக்கா ஒரு படம் அனுப்பியிருப்பார். மித்ரா வாயெல்லாம் சோறு. அடுத்த படத்தில் மித்ரா வாயெல்லாம் வேறெதுவோ. அதைப் பெரிதாக்கிப் பார்ப்பதிலேயே என் இடைவேளை முடியும்.

மாலை வீடு திரும்பினால் சாப்பாட்டு மேசையில் ஒரு மிக்ஸர் பை வாய் பிளந்து கிடந்தது. உள்ளே கச்சான். குலம் அண்ணாவுடையது. மித்ரா தூரத்தில் தரையில் உருளைக்கிழங்குகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய உதட்டை, நாக்கை, விரல்நுனியை எல்லாம் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நேத்து நான் சொன்னதையெல்லாம் ஒரு தடவை திருப்பிச் சொல்றீங்களா?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "என்ன?"

"எங்க வேலையில அப்படித்தான்..."

"நான் மூண்டு பிள்ளையளை வளத்து விட்டனான். இப்ப என்னட்டைப் பாடம் ஒப்புவிக்கச் சொல்லுறியள்."

குலம் அண்ணா மிக்ஸர் பையை மெதுவாக மேல் அலமாரிக்கு ஏற்றினார். "எனக்கு இருபத்தஞ்சு வருசமா இதுதானே நடக்குது, தங்கச்சி. கடைக்குப் போக முதல் ஒப்புவிக்கோணும், வந்தபிறகும் ஒப்புவிக்கோணும்."

"நீங்கள் சும்மா இருங்கோப்பா!"

அவர் சும்மா இருந்தார். அக்காவும் அதற்குப்பின் சும்மா இருந்தார். அதுதான் கஷ்டமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை எனக்கு இடியப்பம் வந்தது, சம்பல் வந்தது, பேச்சு வரவில்லை. படி இறங்கும்போது நான் நினைத்தேன்: கேட்காமல் விட்டிருந்தால் நிம்மதி போயிருக்கும், கேட்டதால் உறவு போய்விட்டது, இரண்டில் எது மலிவு? அன்று சரியான ரயிலில் ஏறினேன். ஏறியபிறகும் எதிரே இருந்தவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். அவர் சலித்துக்கொள்ளாமல் எல்லா நிலையங்களின் பெயரையும் வரிசையாகச் சொன்னார்.

அன்று மாலை கொஞ்சம் துணிந்தேன். அக்கா மித்ராவைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பஜோல் தெருப் பிள்ளையார் கோயிலுக்குக் கிளம்பினார். நானும் ஒட்டிக்கொண்டேன். நடக்க நடக்க என் வேலையைப் பற்றிச் சொன்னேன். முப்பது வருஷ அனுபவக் கேப்டனும் என்னிடம் திருப்பிச் சொல்வார், அது அவரைச் சந்தேகப்பட்டு இல்லை, எல்லாரிடமும் கேட்பதால் யாருக்கும் வலிப்பதில்லை என்றேன்.

அக்கா வண்டியை நிறுத்தினார். "அப்ப கப்டனும் ஒப்புவிக்கிறவரோ?"

"ஆமாக்கா. இல்லேன்னா விமானம் நகராது."

"பிழையாச் சொன்னா?"

"மறுபடி சொல்லச் சொல்வேன்."

அக்காவின் முகத்தில் ஏதோ மாறியது. கோயிலில் கும்பிட்டுவிட்டு, குலம் அண்ணா வேலை செய்யும் கடைக்குள் நுழைந்ததும் அது என்னவென்று தெரிந்தது. "சரி. இப்ப நான் டவர். நீங்கள் பிளேன்" என்றார், கடை முழுக்கக் கேட்கும்படி. "முருங்கைக்காய் அரைக் கிலோ, முத்தல் வேண்டாம். கறிவேப்பிலை. கத்தரிக்காய் ஊதா, வெள்ளை இல்லை. தேசிக்காய் நாலு. சொல்லுங்கோ!"

நான் நிமிர்ந்து நின்று சொன்னேன். "முருங்கைக்காய் அரைக் கிலோ, கறிவேப்பிலை, கத்தரிக்காய் ஊதா, எலுமிச்சம்பழம் நாலு."

"பிழை! முத்தல் வேண்டாம் எண்டனான். அதை எங்கை விட்டனீங்கள்?"

அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் "பிளேன் விழப்போகுது" என்றார். கல்லாவில் குலம் அண்ணா, "எனக்கெண்டா அவ ரெண்டாந்தரம் சொல்லமாட்டா. நேரா ஏச்சுத்தான்" என்றார். மித்ரா வண்டிக்குள்ளிருந்து, யாரும் கேட்காமலே, "பிழை! பிழை!" என்று கூவினாள். யாழ்ப்பாணத் தமிழில் அவள் கற்ற முதல் சொல் அது.

சிரித்து ஓய்ந்தபின் அக்கா என்னை நேராகப் பார்த்தார். "இப்ப என்ரை முறை. கேளுங்கோ." விரல் மடக்கத் தொடங்கினார். "கஜு கூடாது. கச்சான் கூடாது. கோயில்மட்டும் போகலாம், அந்த ஸ்டாலின்கிராட் ஸ்ரேசன் பக்கம், கால்வாய்க்கரைக்குப் போகக்கூடாது. நீலப் பை எப்பவும் வண்டியிலை. ஏதும் எண்டா முதல்லை உங்களுக்குப் போன். பிறகு மருந்து அஞ்சு மில்லி. பிறகு டொக்டர். சரியோ?"

ஒன்றுகூட விடவில்லை. நான் சொன்ன வரிசை, நான் சொன்ன அளவு. "ரீட்பேக் கரெக்ட்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை.

முதலில் எனக்குப் போன். என் போன் எங்கே இருக்கும்? பெட்டகத்துக்குள், பூட்டிய நிலையில். பயிற்சி அறையில் நான் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு இல்லாத விமானங்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருப்பேன். அக்கா இங்கே மருந்துக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நான் எடுப்பேன் எடுப்பேன் என்று காத்திருப்பார்.

பிழை அக்காவுடையது இல்லை. ஞாயிற்றுக்கிழமை நானே வாசித்த அனுமதி அது. என் வாயால் சொன்னபோது அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. கேட்பவர் கவனிக்கிறாரா என்று சோதிக்கத்தான் ரீட்பேக் என்று இத்தனை நாளும் பாதியைத்தான் நினைத்து வைத்திருந்தேன். சொன்னவளின் பிழை சொன்னவளுக்கே கேட்பதும் அதில்தான்.

"என்ன, பிழையோ?" அக்காவின் குரலில் பழைய சூடு எட்டிப்பார்த்தது.

"நீங்க சொன்னது சரிக்கா. நான் சொன்னதுதான் தப்பு."

அக்காவின் முகம் மலர்ந்தது பாருங்கள், தேர்த்திருவிழாவுக்கு விளக்குப் போட்ட மாதிரி. "கேட்டீங்களோப்பா? நான் பிழையே விடேல்லையாம். அவதான் பிழையாம்!"

இப்படி நேரும்போது எங்களுக்கு ஒரு சொல் உண்டு: "ரீகிளியர்ட்." முன்பு தந்தது மாறிவிட்டது, இனி இதுதான் என்று பொருள். மருந்து முதலில். அடுத்தது பிரெஞ்சு அவசர மருத்துவ எண். என் போன் கடைசி. அக்கா மூன்றையும் திருப்பிச் சொன்னார். நான் "கரெக்ட்" என்றேன். பிறகு குலம் அண்ணாவைக் கூப்பிட்டு அவரையும் சொல்லவைத்தார். அவர் முத்தல் முருங்கைக்காய் ஒன்றை ஒலிவாங்கி மாதிரிப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

புதன்கிழமை எந்த விபரீதமும் இல்லை. அதையே ஒரு நிகழ்ச்சியாகக் குறித்துவைக்கிறேன். மதிய உணவுக்கு அக்கா ரோல்ஸ் கட்டித் தந்திருந்தார். வகுப்பில் ஒரு போர்த்துகீசியர் ஒன்றைக் கடித்துவிட்டு, விமானியாக நடிக்கும் முறை வந்த அடுத்த இரண்டு பயிற்சிகளிலும் என்னிடம் மிகவும் பணிவாக நடந்துகொண்டார்.

வியாழக்கிழமை தேர்வு. வேகமாகப் பேசுகிறேன் என்று தேர்வாளரிடமிருந்து இரண்டு தடவை சைகை வந்தது. விமானியாக நடித்த ஒருவர் உயரத்தை மாற்றித் திருப்பிச் சொன்னார். பிடித்துத் திருத்தினேன். இன்னொருவர் "ராஜர்" என்று மட்டும் சொல்லிப் பார்த்தார். விடவில்லை. முடிந்து வெளியே வந்ததும் சாவியைத் தேடி எடுத்தேன். பெட்டகத்தைத் திறந்தேன்.

அக்காவிடமிருந்து ஒரு குரல் செய்தி.

"ரம்யா, பதறாதையுங்கோ. கடைக்கு வந்த ஒரு மனுசி பிள்ளைக்குக் கஜு போட்ட கேக் துண்டு குடுத்துப்போட்டா. நான் கண்டு பறிக்கமுதல் ஒரு கடி. உதடு சிவந்துது. உடனை மருந்து அஞ்சு மில்லி குடுத்தனான். பிறகு அவசர நம்பருக்கு அடிச்சனான். அவை வந்து பாத்தவை. மூச்சு நல்லா இருக்காம். இப்ப உங்களுக்கு எடுக்கிறன். பிள்ளை என்ரை மடியிலை. சரியோ?"

பெட்டகத்தின் முன்னாலேயே நின்று செய்தியை இன்னொரு தடவை கேட்டேன். எதையும் சரிபார்க்கும் நிலையில் நான் இல்லை, ஆனால் காது சரிபார்த்தது: மருந்து, அவசர எண், நான். அந்த வரிசையில்.

ரயிலில் எனக்குப் பக்கத்தில் பூப்போட்ட நீண்ட அங்கி அணிந்த ஆப்பிரிக்க அம்மா ஒருவர். என் முகத்தைப் பார்த்து ஒரு ஆரஞ்சை உரித்து, பாதியை என் கையில் வைத்து, குழந்தை உயரத்துக்குக் கையைக் காட்டிக் கண்ணால் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். நாலு மாடியையும் எப்படி ஏறினேன் என்று தெரியாது.

மித்ரா தரையில் சம்மணமிட்டுச் சோறும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உதட்டோரம் மட்டும் லேசாகத் தடித்திருந்தது. "பிழை!" என்று என்னை வரவேற்றாள். தூக்கி அணைத்துக்கொண்டேன். சோறெல்லாம் என் சட்டையில்.

அக்காவின் கண்தான் வீங்கியிருந்தது. "அந்த மனுசிக்கு நான் சொல்லேல்லை" என்றார். "ஆர் வருவினம் எண்டு எனக்கென்னெண்டு தெரியும்? றோட்டிலை போற எல்லாரையும் ஒப்புவிக்கச் சொல்ல ஏலுமோ, ரம்யா?"

ஏலாது, முடியாதுதான். அதைச் சொன்னேன். "நீங்க செஞ்சது எல்லாம் சரிக்கா. ஒண்ணுகூட விடல" என்றும் சொன்னேன். அக்கா தலையை ஆட்டினார், நம்பினாரா என்று தெரியவில்லை. ஆகவே இன்னொரு தடவை சொன்னேன்.

குலம் அண்ணாதான் வீட்டின் இறுக்கத்தைத் தளர்த்தினார். "ஏலாதெண்டு ஆர் சொன்னது? நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்" என்றார். அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று வெள்ளிக்கிழமை தெரிந்தது. நான் தேறிவிட்டேன் என்ற செய்தியோடு கார் து நோரிலிருந்து நடந்து வந்தேன். தெருமுனையில் அக்காவும் மித்ராவும் காத்திருந்தார்கள். சேலைக்கடைக்காரர் வாசலுக்கு வந்து, "பிள்ளைக்குக் கஜு, கச்சான் கூடாது. ஓமோ?" என்றார். காய்கறிக்கடையில் இன்னொருவர்: "கேக்கும் கூடாது. மருந்து முதல்லை!" கொத்துரொட்டிக்காரர் கரண்டித் தாளத்தை நிறுத்தி, கண்ணாடி வழியாக விரலை ஆட்டி இல்லை, இல்லை என்று காட்டினார். கேக் கொடுத்த அம்மாவும் எதிரே வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழத்தொடங்கியவரை நானும் அக்காவும் தேநீர் வாங்கிக்கொடுத்துத்தான் தேற்றவேண்டியிருந்தது. நான் ஒவ்வொருவருக்கும் "கரெக்ட், கரெக்ட்" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். என் வேலை வாழ்க்கையில் இத்தனை ரீட்பேக்கை ஒரே தெருவில் கேட்டதில்லை.

இப்போது சென்னை. வரும் திங்கட்கிழமை நான் மறுபடி ஒலிவாங்கி முன் உட்காரப்போகிறேன். பகலில் மித்ராவைப் பார்த்துக்கொள்ளப்போவது அத்தைதான். கண் நன்றாகிவிட்டது. பேத்திமேல் உயிர். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன், இந்தமுறை சரியான வரிசையில். அவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "எனக்குத் தெரியாதாம்மா? நான் பாத்துக்கறேன். நீ நிம்மதியா போ."

வசந்தி அக்காவிடம் கடைக்கு நடுவில் டவர், பிளேன் விளையாட முடிந்தது. அத்தையிடம் அப்படி விளையாட எனக்குத் தைரியம் இல்லை. கணவரிடம் சொல்லச் சொன்னால், "அம்மாகிட்ட நான் எப்படிக் கேக்கறது?" என்கிறார். அவரும் துபாயிலிருந்து பதறுகிறார், அவ்வளவுதான். கேட்காமல் விடவும் முடியாது. இரண்டு வாய் பாயசத்துக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

மாமியாரிடம், மாமனாரிடம், அம்மாவிடம் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். மனம் நோகாமல், மரியாதை குறையாமல், ஒரு பெரியவரை ஒரே ஒரு தடவை திருப்பிச் சொல்லவைக்க நீங்கள் என்ன செய்தீர்கள்? திங்கட்கிழமைக்கு முன்னால் தெரிந்தால் நல்லது.